நல்ல சத்தம் போட்ட சக்கரம்

ரயில் நின்றதும் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. கணீரென்றால் வண்டி போகலாம். கட்டையாகக் கேட்டால் விரிசல். ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டியில் எங்களுக்கு அதுதான் வேதம். அதை மீறி ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வடக்கேயிருந்து உப்பு ஏற்றி வந்த கூட்ஸ் வண்டி அது. மூட்டை ஏற்றும்போது வேகன் நகராமலிருக்கக் கைப்பிரேக்கை அமுக்கி வைப்பார்கள். கிளம்பும்போது தூக்கிவிட வேண்டும். எந்தப் புண்ணியவானோ மறந்துவிட்டான். வழியெல்லாம் பிரேக் கட்டை உரசி, ஒரு சக்கரத்தின் விளிம்போரம் பெயின்ட் கருகியிருந்தது. தட்டினேன். வெண்கலக் கிண்ணி போலக் கணீரென்றது. ஆனாலும் வேகனைக் கழற்றச் சொன்னேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார். "சத்தம் நல்லாத்தானே கீது? இன்னாத்துக்குய்யா வண்டிய நிறுத்தி வச்சிக்கினு பேஜாரு பண்ற?"

"சூட்டுல வெந்த சக்கரம் சார். ஓட சொல்லோ பொளந்துக்கும்."

காரணமின்றி வண்டியைத் தாமதப்படுத்தியதாக மூன்றாம் நாள் மெமோ வந்தது. சரியான விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பயந்தேன்தான், ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். 'சக்கரத்தை அறுத்துப் பாருங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஓடும் சக்கரத்தைத் தண்டவாளம் நாள்தோறும் நசுக்கி இறுக்கி வைக்கும். அது நல்லது, விரிசல் வாய் திறக்காது. பிரேக் சூடு அதைத் தலைகீழாக்கிவிடும். சூடேறிய விளிம்பு விரிய இடமில்லாமல் நசுங்கும். ஆறும்போது சுருங்கித் தன்னையே இழுத்துக்கொண்டு நிற்கும். சின்னக் கீறல் விழுந்தாலும் போதும், பிளந்துவிடும். சுத்தியலுக்கு இது கேட்காது.

சக்கரத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். "சக்கரத்த அறுக்கணுமா? இது இன்னா பலாப்பழமா?" என்று பட்டறை ஃபோர்மன் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மெமோ எழுதிய அதிகாரியும் வந்திருந்தார். நல்ல சக்கரமென்றால் வெட்டு வாய் மூடி ரம்பத்தைக் கவ்வும். எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

ரம்பம் இரண்டு விரற்கடைதான் இறங்கியிருக்கும். டமாரென்று ஒரு சத்தம்! மீதியை யாரும் அறுக்கவில்லை; விளிம்பிலிருந்து அச்சு வரைக்கும் சக்கரம் தானே பிளந்தது. ஃபோர்மன் துள்ளிப் பின்னால் போய் விழுந்தார். நான் சிரித்தேன், வெட்கமே இல்லாமல் சிரித்தேன்.

சட்டைப் பையிலிருந்த மெமோவை எடுத்து, நாலாக மடித்துப் பிளவுக்குள் விட்டேன். உரசாமல் இறங்கியது.

அதிகாரியிடம் திரும்பிச் சொன்னேன்: "வெளக்கம் கேட்டீங்களே சார், உள்ளாற கீது."