மூன்றாம் மாடி லத்தீன்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் நாங்களும் மூன்றாவது மாடியில் சித்தப்பா குடும்பமும் இருந்தோம். லிஃப்ட் பழுதாகும் நாட்களில், அதாவது முக்கால்வாசி நாட்களில், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் நான் அவர்கள் வீட்டுக் கம்பிக் கதவைக் கடந்துதான் போகவேண்டும். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் சித்தப்பாவின் மகள் இரவு உடையிலேயே மேசையில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் சித்தி. அந்த மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று வேறு கூப்பிடவேண்டியிருந்தது.

அக்கா பள்ளிக்குப் போகவில்லை. சித்தி குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாடம் நடத்தினார். முதலில் செபம், அப்புறம் லத்தீன், புனிதர்களின் வரலாறு, ரோமாபுரிக் கதைகள், ஏதாவது ஓர் இலையையோ நத்தையையோ பார்த்து வரைவது, கடைசியில் மனப்பாடம். அந்தக் காலத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் இப்படித்தான் படித்தார்கள் என்பார். சித்திக்கும் லத்தீன் தெரியாது. முந்தின நாள் தான் படித்ததை மறுநாள் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அப்பாவோ நான் கொண்டுவரும் தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அக்காவின் லத்தீனைப் பற்றிப் பேசுவார்.

எனக்கு லத்தீன் மேல் ஆசை இல்லை. என் அம்மா தொழிற்சாலையிலிருந்து ஏழு மணிக்கு வந்து, காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுவார். அக்காவுக்கு மட்டும் ஒரு அம்மா காலையிலிருந்து மதியம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வீட்டுப் பள்ளியைப் பிடிக்காதவர் பெரியத்தை, அப்பாவின் அக்கா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் விருந்தன்று அக்கா எல்லார் முன்னாலும் விசுவாசப் பிரமாணம் என்ற நீண்ட செபத்தை லத்தீனில் பார்க்காமல் சொல்லவேண்டும். சொன்னால் வீட்டுப் படிப்பு தொடரலாம். இல்லையென்றால் ஜனவரியில் பள்ளிக்கூடம்.

தாளை வைத்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு தடவை எடுத்துக் கொடுத்தால் தப்பில்லை என்று பெரியத்தையே பெரியமனது பண்ணியிருந்தார். லத்தீனை மலாய் மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும் என்று சித்தி என்னைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் அக்கா கைகூப்பி நின்றாள். பக்கத்தில் முக்காலியில் நான். அவள் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். சித்தியின் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். என் தேர்வுத் தாள் எதற்கும் அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. பாதி தாண்டியதும் அக்கா சட்டென்று நின்றாள்.

அடுத்த சொல் என் விரலுக்கு அடியில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் குடிலில் இருந்த பிளாஸ்டிக் ஆட்டைப் பார்த்தேன். சித்தி என் பெயரை மெதுவாகச் சொன்னார். எந்த வரி என்று தெரியாதவள்போல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“போதும்மா, எல்லாரும் பசியா இருக்காங்க,” என்றார் பெரியத்தை. பிறகு சித்தியிடம், “பிள்ளைக்கு நாலு பேரோட பழகத் தெரியணும்லா. ஸ்கூல்ல போட்டுரு.”

சித்தி, “சரி அண்ணி,” என்று சொல்லிவிட்டுக் கோழி பெரட்டலை எடுத்துவரப் போனார். வர வெகுநேரமாயிற்று.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன், சண்டை போட்டேன் என்பவற்றுக்கு நடுவில் பொறாமைப்பட்டேன் என்பதையும் வேகமாகச் சொல்லி வைத்தேன். பத்து தடவை ‘அருள் நிறைந்த மரியே’ செபித்தால் போதும் என்றார் சாமியார். அவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தது.

ஜனவரியில் அக்கா நீலப் பினஃபோர் சீருடை போட்டுக்கொண்டு என் வகுப்புக்கே வந்தாள். மூன்றாம் நாள் கேன்டீனில் அவளைச் சுற்றி ஐந்து பேர். அங்கே நான்கு வருடமாகப் படித்த எனக்கு இருந்ததோ இரண்டே பேர். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு என்னிடம் வந்து, காதோடு சொன்னாள்.

“அன்னிக்கு நீ எடுத்துக் குடுத்துருவியோன்னு பயந்தே போய்ட்டேன்லா. தேங்க்ஸ்.”

அப்படியென்றால் அவள் வேண்டுமென்றேதான் நின்றிருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் செய்த ஒரே பெரிய பாவம், அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். அவளைத் தோற்கடித்தேன் என்று இத்தனை நாள் பயந்தும் மகிழ்ந்தும் கிடந்தது வீண்.

மறுவாரம் அக்கா நெட்பால் பயிற்சிக்காகப் பள்ளியிலேயே நின்றுவிட்டாள். லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. தனியாகப் படியேறினேன். மூன்றாம் மாடியில் கம்பிக் கதவுக்கு அப்பால் சித்தி அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அக்காவின் நாற்காலி காலி. நோட்டு விரித்திருந்தது, பென்சில்கூடச் சீவி வைத்திருந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா நின்ற இடத்தைத் தாண்டி ஒரு பிழையும் இல்லாமல் கடைசிவரை சொல்லி முடித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அக்காதான் பள்ளிக்கூடம் போய்விட்டாளே, இனி யாருக்காக இவர் பாடம் படிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த நாற்காலி இப்போது காலிதானே, என்னைக் கூப்பிடுவாரா என்று மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.