லோர்ன் குஸிக்கின் ஒரு கஜம்

லோர்ன் குஸிக் பிறந்தது கனோராவுக்குப் பக்கத்தில் ஒரு கோதுமைப் பண்ணையில். கனடாவில், எங்கள் சஸ்காட்செவன் மாகாணத்தில் பையன்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம்: ஐஸ் ஹாக்கிக்குப் போகிறவர்கள், ஐஸ் தாங்காத உடம்போடு, பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஓடுகிற எங்கள் கால்பந்துக்கு வருகிறவர்கள். லோர்ன் இரண்டாவது வகை. "இவன் இறங்கினா ஏரியே உடைஞ்சிடும்" என்று பெற்ற அம்மாவே சிரிப்பாள். அந்த உடம்புதான் அவனை மாகாண அணியின் தடுப்பு வரிசையில், நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் நாட்டுக் கால்பந்தில், தடுக்கிறவன் பந்திலிருந்து ஒரு கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். தெற்கே அமெரிக்காவில் மூக்கோடு மூக்கு உரசாத குறையாக நிற்பார்கள். அங்கே மிசிசிப்பியிலிருந்து எங்கள் அணிக்கு வந்த டிவிட் பாஸ்கம் முதல் நாள் பயிற்சியில் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, நடுவுல கட்டில் போட்டுப் படுக்கலாம் போலிருக்கே!" என்றான். ஆனால் அந்தக் கஜத்தின் அருமையை இங்கே பிறந்தவர்களைவிட அவன்தான் சீக்கிரம் புரிந்துகொண்டான். இருவரும் ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து இடம், ஒரே வாடகை வீடு.

"பந்தைப் பாக்காத. எதிர்ல குனிஞ்சிருக்கான்ல, அவன் தரையில ஊன்றியிருக்க கையைப் பாரு. நகம் வெளுத்திருந்தா உன்மேலதான் பாயப்போறான். வெளுக்கலைன்னா பக்கவாட்டுல ஓடுவான். ஒரு கஜம் இருக்கே, நல்லாத் தெரியும்" என்று டிவிட் ஒருநாள் சொன்னான். அன்றிலிருந்து லோர்னின் ஆட்டமே மாறிப்போனது.

இரண்டாம் ஆண்டு, பருவத்தின் பாதியில், ஆட்டத்தை நடத்துகிற, உள்நாட்டில் பிறந்த எங்கள் குவார்ட்டர்பேக்குக்குத் தோள் எலும்பு முறிந்தது. இன்னொருவனை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இத்தனை பேர்தான் என்பது சட்டம். ஒருவன் வந்தால் ஒருவன் போக வேண்டும். பயிற்சியாளர் ஹட்டல்ஸ்டன் லோர்னைக் கூப்பிட்டார். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத மனுஷன்.

"டிவிட்தான் உன்னைவிட நல்லா ஆடுறான். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா நீ கனோராவுல பொறந்தவன். உன்னை அனுப்பினா எனக்கு ஒரு இடமும் காலியாகாது. அதனால அவன் போறான்."

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். லோர்ன் வாயிலிருந்து வந்தது "சரி கோச்" மட்டும்தான்.

டிவிட் அலமாரியைக் காலி செய்தபோது, மேலே தன் பெயர் எழுதி ஒட்டியிருந்த நாடாவைப் பிய்த்து லோர்னின் நெஞ்சில் ஒட்டினான். "பொறக்குறதுக்கு நல்ல இடமாப் பாத்துப் பொறந்திருக்கடா நீ" என்று சிரித்தான். லோர்னுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு லோர்ன் நன்றாகவே ஆடினான். ஊர் கொண்டாடியது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் யாராவது முதுகில் தட்டிப் பாராட்டினால் முள் குத்தியதுபோல் நெளிவான். இது என் இடமா, அவன் இடமா? இந்த ஒரு கேள்வி அவனைச் சாப்பாட்டிலும் விடவில்லை, பூசைக்குப் போன தேவாலயத்திலும் விடவில்லை. டிவிட்டை ஒரு கிழக்கு நகரத்து அணி எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில், பந்தோடு வருகிறவனுக்கு வழி திறந்துவிடுகிற தாக்கும் வரிசையில் நிறுத்தியிருந்தது.

இறுதிப் போட்டியில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். நவம்பர் மாதம், தரை கல்லாய் இறுகிக் கிடந்தது. டிவிட் ஆட்டம் முழுக்கக் கையுறை போட்டிருந்தான். அது குளிருக்காக அல்ல, நகத்தைத் தன் கண்ணிலிருந்து மறைக்கத்தான் என்று லோர்னுக்குத் தெரியும்.

கடைசி நிமிடம். நாங்கள் நான்கு புள்ளி முன்னால். உதைத்து எடுக்கிற மூன்று புள்ளி அவர்களுக்குப் போதாது. மூன்றாவது முயற்சி, அதாவது கடைசி முயற்சி. எங்கள் எல்லைக் கோட்டுக்கு அவர்களுக்கு ஒரு கஜம்தான் பாக்கி. அதைக் கடந்தால் கோப்பை அவர்களுக்கு. நேராக வருவார்களா, சுற்றிப் போவார்களா?

டிவிட் குனிவதற்கு முன்னால் வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். வெறுங்கையை உறைந்த தரையில் ஊன்றினான். நகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நிமிர்ந்து லோர்னின் கண்ணையே பார்த்தான்.

லோர்ன் முழுப் பலத்தையும் காலில் இறக்கித் தாழ்ந்து பாய்ந்தான். கொட்டகைக் கதவைத் தள்ளித் திறப்பதுபோல டிவிட் அவனைத் தள்ளித் திறந்துவிட்டான். அந்த வழியாகப் பந்து போய்விட்டது.

டிவிட்தான் கைகொடுத்துத் தூக்கினான்.

"ஏன்டா கையுறையைக் கழட்டுன?"

"மூடி வச்சு ஜெயிச்சா, கண்ணுக்குத் தெரியல அதான் தோத்தேன்னு நீ இருந்துடுவ. நானும் உண்மை தெரியாமலே சாவேன்."

"உன் இடத்தைத் தின்னுட்டேன் டிவிட்."

"ஆமா, தின்ன. உங்கம்மா பெரோகிக் கொழுக்கட்டைக்குப் போடுற மாதிரி வெங்காயம் வதக்கிப் போட்டுக்கிட்டியா, இல்ல வெறுமனே முழுங்கிட்டியா?"

லோர்ன் சிரித்தான். சிரித்துக்கொண்டே, ஊரே பார்க்க, விம்மி விம்மி அழுதான். கோப்பை போனதற்கு அழுகிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

எங்கள் ஊருக்குத் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது. அன்று தரையில் ஐஸ், லோர்னின் கால் வழுக்கிவிட்டது என்று ஒரு கதை கட்டி, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. லோர்னும் மறுத்ததில்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றுத் தானியக் கிடங்கில் வேலை பார்த்து, தலை நரைத்து, காலையில் காபிக் கடையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டுகிற வயதுக்கு வந்துவிட்டான்.

போன குளிர்காலத்தில் டிவிட் இறந்துபோன செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய மறுநாள், பக்கத்து மேசைக்காரர் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தார்:

"என்ன இருந்தாலும், அன்னிக்கு மட்டும் ஐஸ் இல்லைன்னா நீ அவனை நிறுத்தியிருப்ப லோர்ன்."

லோர்ன் பகடைக் கிண்ணத்தை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"வழுக்கலப்பா. நல்லா ஊன்றித்தான் நின்னேன். வரப்போறேன்னு கையைக் காட்டிட்டு வந்தான், அப்பவும் என்னால முடியல. அவ்வளவு பெரிய ஆட்டக்காரனை அனுப்பிட்டு, கனோராவுல பொறந்தேங்கிறதுக்காக என்னை வச்சுக்கிட்டீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அன்று காபிக்கு யாரும் பகடை உருட்டவில்லை.