சோரன்சனுக்கு ஒதுக்கிய இடம்

கனடாவின் சாஸ்கடூன் நகர ஐஸ் ஹாக்கி கிளப்பில் சேர்வதற்கு முன் ஓரெஸ்ட் ஹ்ரின்கிவ் கோதுமைக் கூட்டுறவில் முப்பது வருஷம் இருந்தார். எந்தக் கிடங்கின் தானியம் எந்த ரயில் பெட்டியில் ஏற வேண்டும், எந்த வாரம் எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் அங்கே அவர் வேலை. இன்னும் வராத ரயில் எஞ்சினை நம்பி ஒரு மூட்டை கூட ஏற்றியவரில்லை என்று பெயரெடுத்தவர். கூட்டுறவு கைமாறியபோது வேலை போயிற்று. கிளப்பின் மேலாளர் கோர்டன் லஷான்ஸ் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இத்தனை நாள் கோதுமைய ஏத்துனீங்க, இனிமே மனுஷங்கள ஏத்துங்க பெருசு. பெட்டி மட்டும் கொஞ்சம் சின்னது" என்றார்.

பெட்டி என்று அவர் சொன்னது சம்பள உச்சவரம்பை. ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் இவ்வளவுதான் தரலாம் என்று லீக் வகுத்திருக்கும் எல்லை அது. முதலாளி எத்தனை பெரிய பணக்காரரானாலும் அதைத் தாண்ட முடியாது. இந்த வருஷத்து எல்லைக்குள் அடங்கினால் போதாது. அடுத்த வருஷம் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, அதற்கடுத்த வருஷம் எந்த இளைஞன் அதிகம் கேட்பான், யாருக்கு வயதாகிக் கால் தளரும் என்று மூன்று குளிர்காலங்களுக்கு முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். ஓரெஸ்டின் அறைச் சுவரில் ஒரு பெரிய இரும்புப் பலகை இருந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு காந்தப் பட்டை. அதில் பெயர். பட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதுதான் அவருடைய பகல்பொழுது. ஆட்டக்காரர்கள் அவரை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள்.

பலகையின் வலது மூலைக்கு ஆஸ்பத்திரி என்று பெயர். நீண்ட நாள் ஆட முடியாதபடி அடிபட்டவனின் பட்டை அங்கே போகும். அவனுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அவன் ஆடாத வரை அந்த அளவுக்கு எல்லையைத் தாண்டி வேறொருவனை வைத்துக்கொள்ளலாம் என்பது லீக்கின் சலுகை. அவன் குணமாகித் திரும்பிய அன்றே சலுகை போய்விடும். அன்றைக்கே யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டும்.

அந்த மூலையில் இரண்டாவது வருஷமாக ஒரே பட்டைதான் ஒட்டியிருந்தது. வேட் சோரன்சன். பின்களத்தில் மலைபோல நின்று ஆடியவன். ஒரு ஜனவரி மாத ஆட்டத்தில் எதிரணிக்காரன் மோதியதில் தலை பனித்தளத்தைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவரில் போய் இடித்தது. அதன் பிறகு வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை. சன்னல்களைக் கம்பளியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான். மனைவி பிரிந்து கால்கரி நகரத்துக்குப் போய்விட்டாள். இனி அவன் ஆடமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஓய்வு பெறுகிறேன் என்று அவன் சொன்னால் சம்பளம் நின்றுபோகும். கிளப் சொன்னால் அது மரியாதையாக இருக்காது. ஆகவே பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், "வேட் திரும்பி வரக் கடுமையா உழைச்சிக்கிட்டிருக்கான்" என்று லஷான்ஸ் ஒரே முகத்தோடு சொல்லிவந்தார். எல்லா கிளப்புகளிலும் உள்ள வழக்கம்தான்.

அந்த ஜூலையில் எமில் துகாஸ் என்ற இளம் முன்கள ஆட்டக்காரனுக்கு எட்டு வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஊரே கொண்டாடியது. அந்த ஒப்பந்தம் முழுக்க முழுக்க வேட் ஆஸ்பத்திரி மூலையில் இருப்பான் என்பதன் மேல் நின்றது. திட்டம் போட்டவர் ஓரெஸ்ட். வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் கையில் இல்லாத ஒன்றை நம்பிப் பெட்டியை நிரப்பியிருந்தார்.

செப்டம்பரில் பயிற்சி முகாம் திறந்த அன்று காலை வேட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

உடைமாற்றும் அறையில் பையன்கள் மட்டைகளால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். "பேய் வந்திருச்சுடா, கதவ சாத்துங்க!" என்றான் ஒருவன். "பேய்க்கு உன்ன விட வேகம் ஜாஸ்தி" என்றான் வேட். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற லஷான்ஸும் சிரித்தார். அப்புறம் ஓரெஸ்டைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"நம்ம டாக்டர் காலைல பாத்துட்டாரு. தேறிட்டானாம்."

"அப்படியா? நல்ல சேதிதானே."

"நல்ல சேதிதான். நான் இல்லன்னு சொன்னேனா?" லஷான்ஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முதல் ஆட்டத்துக்குள்ள எனக்கு ஒரு வழி வேணும் பெருசு. எந்த வழியா இருந்தாலும் சரி."

எந்த வழியாக இருந்தாலும் என்று அவர் அழுத்திச் சொன்னது ஓரெஸ்டின் காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

அந்த வாரம் ஓரெஸ்டின் கார் பட்டறையில் கிடந்தது. பயிற்சி முடிந்து வேட் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊர் எல்லையில் நாற்சந்திக்கு வந்ததும், நிறுத்திப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினான். அறுவடைக் காலம். இடது பக்கமிருந்து ஒரு தானிய லாரி ஹாரனை அலறவிட்டபடி வந்தது. ஓரெஸ்ட் கத்தினார். வேட் பிரேக்கை மிதித்தான். லாரி வண்டியின் மூக்கை உரசாத குறையாகக் கடந்து போயிற்று. அது கிளப்பிய புழுதியில் கண்ணாடி மூடிப்போனது.

"எங்கிருந்துடா வந்தான் இவன்?" என்றான் வேட்.

"அரை மைல் தூரத்துல இருந்தே வந்துக்கிட்டிருந்தான் தம்பி. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாத்தியே."

 வேட் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வேட், என் முகத்தப் பாரு. பாத்துக்கிட்டே இரு." ஓரெஸ்ட் கையை நீட்டி அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல்களை அசைத்தார். "இப்ப என்ன தெரியுது?"

"உங்க மூக்கு தெரியுது. பெரிய மூக்கு."

"விளையாடாதடா."

வேட் மெல்ல மூச்சு விட்டான். "ஓரத்துல கொஞ்சம் பனி மாதிரி இருக்கு வாத்தியாரே. அவ்வளவுதான். தலைய வெடுக்குனு திருப்பிக்கிட்டா எல்லாம் தெரியுது. டாக்டர் விரல ஆட்டும்போதும் அப்படித்தான் திருப்புனேன்."

"இன்னொரு அடி பட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். இருட்டு வீட்டுல குளிர்பதனப் பெட்டி ஓடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தா என்ன ஆகும்னும் தெரியும்." அவன் வண்டியைக் கிளப்பினான். பிறகு, கோபமில்லாமல், கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னான். "போய்ச் சொல்லுங்களேன். யாரு நம்புவா? நான் வந்தா உங்க பலகை கவுந்துரும். வாத்தியாரு பேசல, பலகை பேசுதுன்னுதான் சொல்லுவாங்க. நானே அப்படித்தான் நினைப்பேன்."

அன்று சாப்பாட்டு மேசையில் ஓரெஸ்ட் இதையெல்லாம் மனைவி நாதியாவிடம் சொன்னார். அவள் பெரோஹி கொழுக்கட்டைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் சொல்றதும் சரிதானே. அவன் வீட்டோட இருந்தா லாபம் எனக்கு. என் வாயிலிருந்து வந்தா அது அழுக்காத்தான் இருக்கும். மொதல்ல அவனுக்கு இடம் பண்ணிக் குடுத்துடறேன். எனக்கு இதுல ஒண்ணும் இல்லன்னு ஆயிடும். அப்புறம் சொன்னா கேப்பாங்க."

"அது என்ன சுத்து வழி?" என்றாள் நாதியா. "மொதல்ல சொல்லித் தொலைங்க. நம்பினா நம்பட்டும், இல்லாட்டி திட்டட்டும். இடம் அப்புறம் பண்ணலாம்."

"உனக்கு அந்த ஆபீஸ் தெரியாது."

"எனக்கு உங்கள தெரியும். பலகைய நேராக்காம உங்களால ஒரு வார்த்த பேச முடியாது."

அவர் கேட்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கதவைச் சாத்திக்கொண்டு பட்டைகளை நகர்த்தினார். துகாஸைத் தொட முடியாது. இளைஞர்களைத் தொட்டால் மூன்றாவது குளிர்காலம் காலியாகிவிடும். கடைசியில் வழி தெரிந்தது. இரண்டாம் கோல்காப்பாளனையும், இடது பின்களத்தில் வேட்டின் இடத்தில் ஆடிவந்த செக் நாட்டுக்காரன் ஹ்லாட்கியையும் கிழக்கே ஒரு கிளப்புக்கு ஏறக்குறைய இனாமாகவே தள்ளிவிடலாம். அந்த கிளப்புக்குப் பின்கள ஆள் தேவை. ஹ்லாட்கி போனால், அந்த இடத்துக்கு வேட் மட்டும்தான். பட்டைகளை வைத்துப் பார்த்தார். எல்லைக்குள் கச்சிதமாக அடங்கியது. ஆஸ்பத்திரி மூலை காலியாக இருந்தது. அவருக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது.

லஷான்ஸ் வந்து பலகை முன் வெகுநேரம் நின்றார். அப்புறம் ஓரெஸ்டின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"அடப்பாவி! இது முடியாதுன்னே நினைச்சேன். லீக் டாக்டர அனுப்பச் சொல்லி எல்லாம் பேசி வச்சிருந்தேன். வெளி டாக்டரு வந்தா மெஷின வச்சு ரெண்டு நாள் குடைஞ்சு ஏதாவது ஒரு கோளாறக் கண்டுபிடிக்காமப் போக மாட்டான். பையனுக்கு அவமானம், ஊருக்குள்ள நமக்குக் கெட்ட பேரு. நல்லவேள, இனிமே அந்தக் கண்றாவி வேண்டாம்."

 ஓரெஸ்ட் வாயைத் திறப்பதற்குள் லஷான்ஸ் நடைபாதைக்குப் போய்க் கிழக்கு கிளப்போடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிப் பேரங்களை அவர் ஆறப்போடுவதில்லை. திரும்பி வரும்போது முடிந்திருந்தது.

"கோர்டன், அந்த டாக்டர வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"வேட்டுக்கு இடது பக்கம் கண்ணு தெரியல."

லஷான்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பலேருந்து தெரியும் உமக்கு?"

"மூணு நாளா."

"மூணு நாளா வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, அவனுக்கு இடமும் பண்ணி, அவன் எடத்துல ஆடுறவன விக்கவும் வச்சுட்டு, இப்ப வந்து குருடுங்கறீரா?" குரல் உயரவில்லை. "நாளைக்கு அவன உக்கார வச்சா இடது பின்களத்துல யாரு நிப்பா? நீரா? நம்ம டாக்டர் பாத்தாரு. தேறிட்டான்னு சொன்னாரு. அவர் டாக்டரு. நீர் பட்டை ஒட்டுறவரு."

ஓரெஸ்ட் கிளப் டாக்டரிடம் போனார். டாக்டர் அவசரத்தில் இருந்தார். "விரல ஆட்டுனேன், பாத்தான். ஹாக்கிக்காரன் தலைய திருப்பாம எப்படிப் பாப்பான்?" என்று சொல்லிவிட்டு நடந்தார். வெளி டாக்டரைக் கேட்க கிளப்புக்கும் ஆட்டக்காரனுக்கும்தான் உரிமை. மிச்சம் இருந்தது வேட் ஒருவன்தான்.

வேட் அதற்குள் பலகையைப் பார்த்துவிட்டிருந்தான். யாரோ கூட்டிப் போய்க் காட்டியிருந்தார்கள். பனித்தளத்துக்குப் போகும் சந்தில் ஓரெஸ்டைக் கண்டதும் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். 

"என் பேர அந்த மூலையிலேருந்து எடுத்துட்டீங்க வாத்தியாரே."

"வேட், நான் எதுக்கு எடுத்தேன்னா..."

"எனக்குத் தெரியும். அன்னைக்குக் கார்ல பயந்துட்டீங்க. எனக்கும் பயமாத்தான் இருந்திச்சு. ஆனா ஓட முடியாதவன்னு நினைச்சிருந்தா நீங்க இடம் பண்ணியிருப்பீங்களா? வராத எஞ்சின நம்பி மூட்ட ஏத்தாத ஆளாச்சே நீங்க. பட்டைய அங்க பாத்தப்பறம்தான் எனக்கே தெம்பு வந்துச்சு."

"அது நீ ஆடணும்னு பண்ணது இல்லடா. என் பேச்ச எல்லாரும் நம்பணும்னு பண்ணினது. லீக் டாக்டர நீயே கேளு. ரெண்டே நாள். இடம் எங்கயும் போயிடாது."

வேட் கைகளை எடுத்துக்கொண்டான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அந்தச் சிரிப்பில் அவன் இல்லை.

"நாளைக்குப் பாக்கலாம் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் ஆட்டத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. ஓரெஸ்ட் அலுவலர்களுக்கான மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாதியா. வேட்டின் பெயரை அறிவித்தபோது ஜனங்கள் எழுந்து நின்று விடாமல் கைதட்டினார்கள். கீழே லஷான்ஸ் பத்திரிகைக்காரர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கடுமையாக உழைத்தான், திரும்பி வந்துவிட்டான். இத்தனை நாள் சொன்ன பொய் ஒருவழியாக உண்மையாகிவிட்டிருந்தது.

முதல் பகுதி முழுக்க வேட் நன்றாக ஆடினான். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு வலது பக்கமாக வந்தபோதெல்லாம் அள்ளினான். தலையை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருந்தான், குருவி மாதிரி. பக்கத்து வரிசைக்காரர், "பாருங்க, இத்தனை நாள் கழிச்சும் என்ன உஷாரு!" என்று மெச்சினார். நாதியா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

இரண்டாம் பகுதியில் தலை திருப்புவது குறைந்தது. களைத்துப் போயிருந்தான். எதிரணியின் இருக்கையில் அவர்களுடைய பயிற்சியாளர் குனிந்து ஓர் இளைஞனின் காதில் ஏதோ சொல்வதையும், கையால் வேட்டின் இடது பக்கத்தைச் சுட்டுவதையும் ஓரெஸ்ட் பார்த்தார். வெளி டாக்டர் இரண்டு நாள் குடைய வேண்டியதை, ஒரே ஆட்டத்தில் எந்த மெஷினும் இல்லாமல் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் எழுந்து படிகளில் இறங்கினார். வரிசைகளுக்கிடையே ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கீழ்க்கதவில் காவல்காரன் மறித்தான். "ஆட்டம் நடக்குது சார். இடைவேளைல போங்க." ஓரெஸ்ட் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினார். "அது ஆபீஸுக்கு சார். ஆட்டக்காரங்க இருக்கைக்கு இல்ல."

ரப்பர் வட்டு பின்மூலைக்கு வழுக்கிப் போனது. வேட் அதை எடுக்கத் திரும்பினான். அந்த இளைஞன் இடது பக்கமாகக் கால் மாற்றி மாற்றி வேகம் பிடித்தான். ஓரெஸ்ட் கண்ணாடித் தடுப்பை இரண்டு கையாலும் அறைந்து, வாழ்நாளில் எந்த ஆட்டத்திலும் கத்தாதவர், "இடது பக்கம்! வேட், இடது பக்கம்!" என்று கத்தினார். அவரைச் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான பேரும் அதே வேகத்தோடு வேட், வேட் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வேட் அவசரமில்லாமல், வட்டின் மேலேயே கண்ணை வைத்தபடி, சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.