தட்டு விழுந்த இடம்

என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நானாகத்தான் கையைத் தூக்கினேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் வீட்டில் இருந்ததில், ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசைக் கதிரையில் போய்க் குந்துகிற வியாதி எனக்கு வந்திருந்தது. நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகத் திரிந்து, கர்ப்பிணிகளைப் பார்த்து, பிள்ளைகளை நிறுத்து, தாய்மாரோடு சண்டை பிடித்துக் காலம் கழித்த குடும்ப நல உத்தியோகத்தர் நான். ஊருக்கு நான் மிட்வைஃப் மிஸ். வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். இரண்டும் உண்மைதான்.

அன்றைய கூட்டம் ஒரு விளையாட்டுப் போட்டி பற்றியது. கனடாவில் வளர்ந்த ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், தாயின் ஊரைப் பார்க்க வந்த இடத்தில் ஆறு மாதம் தங்கி அந்த விளையாட்டை எங்கள் சனத்துக்குப் பழக்கியிருந்தார். டிஸ்க் கோல்ஃப் என்று அதற்குப் பெயர். ஊர் வாயில் அது தட்டெறிதல் ஆகிவிட்டது. பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எறிந்து தூரத்தில் நிற்கும் கூடைக்குள் விழுத்த வேண்டும். தட்டு விழுந்த இடத்தில் நின்றுதான் அடுத்த எறி. குறைந்த எறிகளில் முடிக்கிறவர் வெற்றி. கூடைகளைச் சந்தி வெல்டிங் கடைக்காரர் பழைய சைக்கிள் றிம்மிலும் செயினிலும் செய்து கொடுத்தார். வேலையற்ற வேலை என்று முதலில் நக்கலடித்தவள் நான். பிறகு பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று நானே வாயைப் பிளந்து பார்க்கிறேன்.

மொத்தம் பன்னிரண்டு கூடைகள். கடைசிக் கூடைதான் கரைச்சல் பிடித்தது. குளக்கட்டில் நின்று காட்டுக் கரைப் பக்கமாக எறிய வேண்டும். எறிகிறவருக்குத் தட்டு விழும் இடம் தெரியாது. அதனால் நடு வழியில் ஒருவர் நின்று, தட்டு விழுவதைப் பார்த்து, ஓடிப்போய்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் தட்டைக் கண்டுபிடிக்காவிட்டால் தண்டமாக ஓர் எறி கூடும், திரும்பக் குளக்கட்டுக்குப் போய் முதலில் இருந்து எறியவும் வேண்டும். அந்த இடத்தில் நிற்க, எல்லாரும் மறுபேச்சில்லாமல் நம்புகிற ஓர் ஆள் வேண்டும் என்று அவர் கேட்டார். கூடியிருந்த இளசுகளில் பாதிப் பேரைப் பிறந்த கையோடு தராசில் வைத்து நிறுத்தவள் நான். கையைத் தூக்கினேன். காட்டுக் கரை பரவாயில்லையா என்று அவர் கேட்டதற்கு, இந்தப் பக்கத்தில் என் கால் படாத இடம் இல்லை என்று பெரிய எடுப்பில் சொல்லியும் விட்டேன். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

போட்டியில் பெண்களுக்குத் தனிப் பிரிவு. அதில் முதலாவதாக வருகிறவருக்குச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் இந்த விளையாட்டைப் பழக்கும் வேலை. கனடாக்காரரும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒழுங்கு செய்திருந்தார்கள். ஒரே ஒரு இடம்தான்.

அந்த இடத்தைக் குறி வைத்தவர்களில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபதுகளில் மலையகத் தோட்டங்களில் இருந்து வந்து காட்டோரம் குடியேறிய குடும்பம். தகப்பன், பரம்பரையாய் இந்த ஊரில் இருக்கும் எங்கள் ஆட்களின் வயல்களில் கூலிக்கு நின்றவர். கணவனுக்குக் கொழும்பில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடிய ஐந்து மணி பஸ்ஸில் ஏறினால், பொழுதுபட்ட பிறகுதான் இறங்குவாள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்காரிதான் எழுப்பி, சாப்பாடு கொடுத்து அனுப்புவாள். மூத்தது கைக்குழந்தையாக இருந்தபோது நிறை குறைந்ததற்குக் கிளினிக்கில் எல்லாருக்கும் முன்னால் வைத்து அவளை ஏசியிருக்கிறேன். அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அடுத்த மாதம் பிள்ளையை நிறை கூட்டிக் கொண்டுவந்து தராசில் வைத்தாள்.

வயலில் பசளை உரம் எறிந்து பழகிய கை அவளுக்கு. தட்டை அவள் விடுகிற விதமே வேறு. மற்றவர்கள் மூச்சைப் பிடித்து எறிவார்கள், இவள் சும்மா விசுக்கிவிட்டு நிற்பாள், தட்டு போய்க்கொண்டே இருக்கும். போட்டிக்கு முதல் கிழமை வேலியடியில் என்னைக் கண்டு நின்று கதைத்தாள். மற்ற நாட்களில் நாலு சொல்லுக்கு மேல் பேசாதவள்.

"இந்த வேலை கிடைச்சால், மிஸ், பிள்ளையள் கண் முழிக்கிற நேரம் நான் வீட்டில நிப்பன்."

அவ்வளவுதான் சொன்னாள். உனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று நான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

போட்டிக்கு முதல் நாள் கனடாக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினார். உழவு இயந்திரம் போய் வருகிற ஒரு பாதை. ஒரு பக்கம் மரமில்லாத வெட்டை, மறு பக்கம் பற்றையும் பாலை மரங்களும். அவர் பற்றைக்குள் விறுவிறென்று நடந்து போய், இங்கே வரைக்கும் பார்க்க வேண்டும் அன்ரி என்று கையைக் காட்டினார். நான் பாதையிலேயே நின்று, இங்கிருந்தே எல்லாம் தெரிகிறது என்றேன். அவருக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. எனக்கும் படவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

போட்டி நாள் நல்ல வெயில். பதினோராவது கூடை முடிந்தபோது பெண்களில் இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருத்தி இவள். மற்றவள் எங்கள் ஆட்களின் பிள்ளை, படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு பாதையில் நின்றேன். மற்றவளின் தட்டு நேரே வந்து வெட்டையில் விழுந்தது. ஓடிப்போய்க் கொடியைக் குத்தினேன். பிறகு இவளின் செம்மஞ்சள் தட்டு உயரத்தில் வந்தது. காற்று பிடித்து இடப் பக்கம் இழுத்தது. பாலை மரமொன்றில் டொக்கென்று பட்டு, ஒரு பற்றைக்குப் பின்னால் சருகின் மேல் விழுந்தது. நான் பார்த்தேன். இருபது அடி தூரம் இருக்காது. வேறு எங்கிருந்து பார்த்தாலும் அந்தப் பற்றை மறைக்கும். நான் நின்ற இடத்துக்கு மட்டும் அது பளிச்சென்று தெரிந்தது.

இரண்டாவது கொடி கையில் இருந்தது. இடது காலைத் தூக்கினேன். பாதை ஓரத்துப் புல்லுக்கு மேலே அந்தக் கால் அப்படியே நின்றது. பிறகு திரும்பப் பாதையில் வந்து ஊன்றியது. நான் ஊன்றவில்லை, அது ஊன்றியது.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில், வாரத்தில் ஆறு நாள் இப்படியான ஒழுங்கைகளில் நடந்தவள் நான். சிவப்பு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே, உழவு இயந்திரச் சில்லுத் தடத்தில் மட்டும் கால் வைத்து. கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்கெல்லாம், பிள்ளையளைப் பாதையை விட்டு இறங்க விடாதேங்கோ, கண்டதைத் தொட விடாதேங்கோ என்று ஒப்புவித்து ஒப்புவித்து என் வாயே தேய்ந்தது. ஒருநாள் எனக்கு முன்னால் போன மாடொன்று புல்லுக்கு இறங்கியது. மிதிவெடி. அதை நான் விவரிக்கப் போவதில்லை. இந்த நிலமெல்லாம் துப்புரவாக்கி, எழுதிக் கையளித்து எத்தனையோ வருடம். சனம் விறகு பொறுக்குகிறது, பிள்ளைகள் பாலைப்பழம் பிடுங்குகிறார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கனடாக்காரர், எறிகளைப் பதிகிறவர், இரண்டு போட்டிக்காரிகள், பின்னால் ஒரு கூட்டம். "அன்ரி, மற்றத் தட்டு எங்க?" என்று அவர் கேட்டார்.

விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். ஆனால் காட்டினால், கொடி ஏன் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்று கேட்பார்கள். காட்டுக் கரையில் என் கால் படாத இடமில்லை என்று அத்தனை பேருக்கும் முன்னால் பெருமை அடித்தவள், இருபது அடி போகப் பயந்து நின்றேன் என்று எப்படிச் சொல்வது?

"காணேல்லை," என்றேன். "வெயில் கண்ணில அடிச்சிட்டுது."

பிறகு கையைப் பொதுவாக வெட்டைப் பக்கம் ஆட்டினேன். எல்லாரும் அங்கே தேடினார்கள். அவளைப் பற்றைக்குள் அனுப்ப நான் விரும்பவில்லை, இரண்டு பிள்ளைகளின் தாய், அதனால்தான் சொல்லவில்லை என்று அந்தக் கணத்தில் எனக்கே நான் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம்! அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் கால் வைக்க மாட்டாத பற்றைக்குள் வெறுங்காலோடு இறங்கித் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் தட்டுக்குப் பத்து அடிக்குள் வந்துவிட்டாள். பற்றை நடுவில் நின்றது. நான் வாயைத் திறந்தால் போதும். இப்போது திறந்தால் முதலில் சொன்னது பொய் என்றாகும். வாழ்நாள் முழுக்கத் திறந்தே கிடந்த வாய், அந்த மூன்று நிமிடம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

நேரம் முடிந்தது என்றார்கள். அவளோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தி விடவில்லை. மரத்தில் பட்ட சத்தம் கேட்டது, இந்தப் பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும், இவ்வளவு கிட்ட நின்றவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று என்னைப் பார்த்தே கேட்டாள். தட்டைத் தொலைத்தவள்தான் பற்றைக்குள் இருந்து ஏறி வந்து கூட்டாளியின் கையைப் பிடித்தாள்.

"விடடி. மிஸ் காணேல்லை எண்டால் காணேல்லைதான். மிஸ் பொய் சொல்ல மாட்டா."

திரும்பக் குளக்கட்டுக்கு நடந்து போனாள். மற்றவள் நான்கு எறியில் முடித்தாள். இவளுக்குத் தண்டத்தோடு சேர்த்து ஐந்து. ஓர் எறியால் போயிற்று. மற்றவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, சாப்பாட்டுப் பார்சலைப் பிள்ளைகளுக்கென்று பையில் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பௌர்ணமிப் போயா தினம், தொழிற்சாலை லீவு. பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். கையில் செம்மஞ்சள் தட்டு. பாலைப்பழத்துக்குப் போன பிள்ளைகள் கண்டு எடுத்து வந்ததாகவும், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டுத் தானே போய்ப் பார்த்ததாகவும் சொன்னாள். நான் நின்ற இடத்திலும் போய் நின்று பார்த்திருக்கிறாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

எல்லாவற்றையும் கொட்டினேன். கால் நின்றது, கனடாக்காரர் கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாம். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"தட்டு கிடைச்ச அண்டைக்கு நான் வேற மாதிரி நினைச்சுப்போட்டன், மிஸ். அவ உங்கட ஆக்கள், அதுதான் எண்டு. பிறகுதான் நீங்கள் எங்கட வீட்டுக்கு வாற விதம் ஞாபகம் வந்தது. சில்லுத் தடத்தை விட்டு ஒரு அடி வைக்க மாட்டியள்." தட்டைக் கதிரையில் வைத்தாள். "பயமாக் கிடக்கு எண்டு சொல்லியிருந்தால் ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டினம். இஞ்ச ஆர் பயப்படாத ஆள்? நானே போய் எடுத்திருப்பன்."

திரும்பிப் போய்விட்ட கனடாக்காரருக்கு இப்போதே போன் எடுத்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மற்றவள் பள்ளிக்கூடங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டாள், அவளும் வேலையில்லாமல் எத்தனை நாள் அலைந்தவள், அவளை இறக்கிவிட்டு நான் ஏற மாட்டேன் என்றாள். அவள் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. ஊருக்குத் தெரியாமல் போகும் என்ற ஆறுதல். இந்தக் கதை முழுவதிலும் நான் ஆக வெட்கப்படுவது அதற்குத்தான்.

படலைவரை கூடப் போனேன். எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில், இனி ஒவ்வொரு நாளும் விடியக் காலமை நான் வந்து பிள்ளைகளோடு நிற்கிறேன், எழுப்பி, வெளிக்கிடுத்தி, பள்ளிக்கூடம் அனுப்பிவிடுகிறேன் என்றேன். எனக்கென்ன வேலை, வீட்டில் சும்மாதானே இருக்கிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. படலையில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதுகளைப் பார்க்க ஆள் இருக்கு, மிஸ்," என்றாள். "கண் முழிச்ச உடன அதுகள் தேடுறது என்னையெல்லே."