நேர் விமானத்தின் பங்குகள்

இங்கிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, நியூயார்க்குக்கு ரயில் தூரத்தில் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் லட்டுப் படங்களாகக் கொட்டின. யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மேலே தள்ளித் தள்ளிப் போய்ப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஒரு முறை ஏறினால் போதும், ஒரு முறை இறங்கினால் போதும். நடுவில் கண்ணாடிச் சுவர்களும் வாசனைத் திரவியக் கடைகளும் இல்லை. தூக்கத்தில் இழுத்துக்கொண்டு நடக்கும் பெட்டிகள் இல்லை.

சாயங்காலத்துக்குள் குழுவில் பாதிப் பேர் அந்த விமான நிறுவனத்தின் பங்குகளை வாங்கியிருந்தார்கள். என் கணவரும் வாங்கினார்.

"நம்மாளுங்க எத்தன பேரு இருக்கோம் இங்க! ஃபுல்லா போகும் பாரு. ஷேர் பிச்சிக்கும்" என்றார்.

எனக்குப் பங்குச் சந்தை தெரியாது. கும்பாபிஷேகத்துக்கு ஒரு செங்கல் எழுதிக்கொடுப்பதுபோல என் பெயரிலும் கொஞ்சம் வாங்கச் சொன்னேன். நாம் ஒரு கல் வைத்தால் அது எழும்பும். அது எழும்பினால் அப்பா வருவார். என் கணக்கு அவ்வளவுதான்.

அப்பாவுக்கு எழுபத்தாறு. அம்மா போன பிறகு எங்கள் ஊரான கோபியில் தனியாக இருக்கிறார். ஒரு முறை இங்கே வந்தபோது, நடுவில் மாறவேண்டிய விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளியவன் அவரை ஏதோ ஒரு வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டான். விமானம் வேறு வாசலிலிருந்து கிளம்பிப்போனது. அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரைக்காரர். எதில் என்ன மாமிசம் இருக்குமோ என்று எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. வந்து இறங்கியவர் என்னிடம் சொன்னது, "கொஞ்சம் லேட்டாயிருச்சு கண்ணு." மீதியெல்லாம் பல மாதங்கள் கழித்து அவர் யாரிடமோ சொல்லி, அவர்கள் என்னிடம் சொன்னது. திரும்பும்போது என் கணவர் கூடவே போய் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"ஒரே பிளேன்னா சொல்லு, வர்றன். எறங்கி ஏறுற சோலியெல்லாம் இனி நமக்கு ஆகாது."

ஒரே பிளேன் வந்துவிட்டது. மே மாதத்துக்கு அவருக்கு டிக்கெட் போட்டோம். கோபியில் கடைக்காரர், மருந்துக்காரர், வங்கியில் வரிசையில் நிற்பவர், எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்: "பெங்களூர்ல ஏறி உக்காந்தா, எறங்கறது மக ஊட்லதான்."

அந்த டிசம்பரில் மகளுக்கு விடுமுறை. நாங்கள் மூவரும் ஊருக்குப் போனோம். எங்களுடனேயே வந்துவிடுங்கள் என்று கேட்டேன். "இந்தப் பனியில அங்க வந்து என்னத்தப் பாக்கறது? மே மாசம் ஜம்முன்னு நேரா வர்றன் போ" என்று என் பெட்டிக்குள் மஞ்சள்தூள் பொட்டலத்தைத் திணித்தார். நாங்கள் எந்த வழியாக வந்தோம், எந்த வழியாகத் திரும்பிப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதைக் கேட்டவர் வேறொருவர். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவர், மாம்பலத்துக்காரர், நியூயார்க்கில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஒரே ரயிலில் ஏறுவோம். நான் நியூ பிரன்ஸ்விக்கில் இறங்கிவிடுவேன். அதுவரை பேச்சு.

"நீங்க டிக்கெட் வாங்கினீங்களா, ஷேர் வாங்கினீங்களா?"

"ரெண்டும்."

"டிக்கெட் எத்தன?"

"ஒண்ணு. அப்பாவுக்கு."

"அப்ப டிசம்பர்ல நீங்க மூணு பேரும் போனது?"

"தோஹா வழியா."

அவர் சிரித்தார். "நானும் அப்படித்தான் மேடம். ஆளுக்கு முந்நூறு டாலர் மிச்சம், பொட்டி வேற ஒண்ணு கூட. நம்ம குரூப்ல எல்லாரும் முதலாளி. பாசஞ்சர்தான் ஒருத்தர் கூட இல்ல."

நானும் சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய கார் கூரைகள் ஓடின. இருபது வருடமாக ஓடுகின்றன. வெள்ளைக்குக் கீழே என்ன நிறம் என்று யோசிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

பிறகு எண்ணெய் விலை ஏற ஆரம்பித்தது. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்கின் பெரிய பலகையில் எண் மாறும். முதலில் தசமப் புள்ளிக்குப் பின்னால், பிறகு முன்னால். அது மாறிய அன்றெல்லாம் எங்கள் பங்கு இறங்கும். என் கணவர் சாப்பாட்டு மேசையில் கைபேசியைக் கவிழ்த்து வைப்பார். அவர் அதைக் கவிழ்த்து வைக்கும் சத்தத்திலிருந்தே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"இதுக்கும் அதுக்கும் என்ன?" என்று ரயிலில் கேட்டேன்.

"பதினேழு மணி நேரம் நிக்காம பறக்கணும்னா, கடைசி மணி நேரத்துக்கான எண்ணெயையும் மொதல்லேர்ந்தே தூக்கிட்டுப் போகணும் இல்லையா? அதைத் தூக்கறதுக்கே எண்ணெய் எரியும். நடுவுல எறங்கி ரொப்பிக்கிறவனுக்கு இந்தப் பாரம் இல்ல. வெலை ஏறினா மொதல்ல அடிபடறது இந்த மாதிரி நீள ரூட்டுதான். அதுவும் ஜூன்லயும் டிசம்பர்லயும்தான் கூட்டம். பிப்ரவரில யார் போறா?"

"அடிபட்டா என்ன பண்ணுவாங்க?"

"வெட்டிடுவாங்க."

"வெட்டினா ஷேர் இன்னும் இறங்குமா?"

"ஏறும் மேடம்." அடுத்து வரும் ஸ்டேஷனின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். "நஷ்டத்தை வெட்டினா ஏறத்தானே செய்யும்."

எண்ணெயைச் சுமப்பதற்கே எரியும் எண்ணெய். அந்த வாக்கியம் பல நாள் என்னோடு இருந்தது. கால்சட்டைப் பையில் போட்டு மறந்த கூழாங்கல் மாதிரி, உட்காரும்போது மட்டும் உறுத்தும். இருட்டில், கடலுக்கு மேலே, தன்னைத் தானே சுமந்துகொண்டு போகும் ஒரு நீண்ட வெள்ளை உடல். அதற்குள் ஜன்னலோர இருக்கையில் அப்பா, வேட்டிக்கு மேல் ஸ்வெட்டருடன். என்னால் அவரை அதில் ஏற்ற முடிந்தது. இறக்க முடியவில்லை. அவர் இறங்கும் காட்சி வருவதற்குள் நியூ பிரன்ஸ்விக் வந்துவிடும்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. பிளாட்பாரத்தில் காப்பியோடு நின்றிருந்தேன். விமான நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் பயணத்தில் ஒரு மாற்றம்.' ஏப்ரல் கடைசியோடு பெங்களூர் நேர் விமானத்தை நிறுத்துகிறார்கள். வருந்துகிறார்களாம். அதைப் படித்து முடிப்பதற்குள் என் கணவரின் செய்தி: 'ஏறிடுச்சு! பாத்தியா? ஒரே நாள்ல!' கூடவே கட்டைவிரல் உயர்த்திய படம். எதனால் ஏறியது என்று அவர் அதுவரை படிக்கவில்லை.

இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. காப்பி சூடாக இருக்கிறது என்பது தெரிந்தது, ஆனால் அது வேறு யாருடைய கையிலோ இருந்தது.

மாம்பலத்துக்காரர் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ரயில் வந்தது. ஏறிக்கொண்டோம்.

அலுவலகத்துக்குள் போவதற்கு முன் அப்பாவைக் கூப்பிட்டேன். கோபியில் சாயங்காலம். பின்னால் தொலைக்காட்சி ஓடியது.

"அப்பா, அந்த நேர் விமானத்த நிறுத்தறாங்க."

"எந்த மாசத்துல இருந்து?"

"உங்க தேதிக்கு முன்னாடியே."

தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. "அப்படியா" என்றார். பிறகு, "சரி. உட்று கண்ணு."

"நான் வந்து கூட்டிட்டு வர்றேன். ஒரு வாரம் லீவு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே மாறிக்கலாம்."

"அப்பறம் திருப்பிக் கொண்டாந்து உடறதுக்கு மாப்பிள்ள. நானென்ன பார்சலா?"

"பார்சல்னு யாரு சொன்னா?"

"வேண்டாங் கண்ணு. நெம்ப யோசிச்சுத்தான் சொல்றன்." யோசிப்பதற்கு அவருக்கு நான் அரை நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. "விசா இருக்குதில்ல. பத்து வருசத்துக்குக் குடுத்திருக்கறான். என்ன விட அதுக்கு ஆயுசு கெட்டி. மறுக்கா உட்டான்னா வர்றன்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, "அந்தக் கம்பெனியில நாங்க ஷேர் வாங்கியிருந்தோம்ப்பா. அது இன்னிக்கு ஏறியிருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"நிறுத்துனதுனாலயா?"

"ஆமா."

"அட." என்றார். "அப்ப நான் வராத இருந்தா உனக்கு லாபம்ங்கறாங்க" என்று சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். எனக்கு அது பிடிபடவில்லை, இன்று வரை.

மின்னஞ்சலின் அடியில் மூன்று கட்டங்கள் இருந்தன. வேறு ஊர் வழியாக மாற்றிக்கொள்ள ஒன்று, பின்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ள ஒன்று, பணத்தைத் திரும்பப் பெற ஒன்று. முதல் கட்டத்தின்மேல் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு மூன்றாவதை அழுத்தினேன். நன்றி என்று வந்தது. மாடிக்குப் போய் வேலையைத் திறந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் பிழை பார்ப்பது என் வேலை. தலைச்சுற்றலுக்கும் வாய் உலர்தலுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது. வைத்தேன்.

வீட்டில் என் கணவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார். அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. "சாரி. காலைல நான் படிக்காம அனுப்பிட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "வித்துடலாமா? போட்டது வந்துடுச்சு."

"இருக்கட்டும்."

"எதுக்கு?"

"தெரியல."

அது தெரியாமலேயே இன்னும் இருக்கிறது. நேர் விமானம் மறுபடி வரும் என்று யாரும் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இப்போது வரி, எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி, யாரோ விற்கும் சோபா. மே வந்து போனது. வெளியே எல்லா மரமும் பச்சையாயிற்று. பச்சை என்று எழுதுகிறேன், வேறு சொல் தேட உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைக் கூப்பிடுகிறேன். வருகிறீர்களா என்று நான் கேட்பதில்லை. மழை, முட்டிவலி, மாத்திரை எல்லாம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு அவர் குரல் கொஞ்சம் நிமிரும்.

"இங்க பெட்ரோல் ஏறிருச்சு கண்ணு. உன்ற கம்பெனி எறங்கியிருக்கோணுமே?"

"எறங்கியிருக்குப்பா."

"எத்தன?"

பார்த்துச் சொல்கிறேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். சரியாகக் கணித்துவிட்டதில் அவருக்கு ஒரு திருப்தி.

"புதுசா எங்காச்சும் உடறாங்களா?"

"பிரேசிலுக்கு ஏதோ விடறாங்களாம்ப்பா."

"பிரேசிலா? அங்க ஆரு போறது?" என்கிறார். "பாரு, அது ஷேர எறக்கித்தான் உடும். வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்லப்பா."

"சரி, வெச்சறட்டா?"

"வைங்கப்பா."