வட்டத்தில் கடலும் இருந்தது

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க, எங்கேயாவது ஒரு பூகம்பம் வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். சின்னது போதாது, பெரிதாக வரவேண்டும். இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

திருச்சியில் பாதிரிமார்கள் நடத்திய ஒரு கல்லூரியில், நிலவியல் துறையில் நான் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு, ஒவ்வொரு ஏப்ரலிலும் கும்பிடு. நாலு வருடமாக இதே கதை. கோடையில் ஸ்ரீரங்கத்து வீதியில் யாராவது "லீவா?" என்று கேட்டால், லீவா, வேலையே போய்விட்டதா என்று எனக்கே தெரியாது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி மூன்று வருடம். மாமனார் எப்போது விசாரித்தாலும் "அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆயிடும்" என்பேன். அவரும் நம்புகிற மாதிரி தலையை ஆட்டுவார்.

அந்த வருடம் எங்கள் துறைக்கு ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது என்று தெரிந்தது. மார்ச்சில் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்யும். என்னைவிட அதிகம் படித்த இரண்டு பேர் அதற்குக் குறிவைத்திருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. முதல்வராக இருந்த ஃபாதரிடம் போய், பூகம்ப அலைகளைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை நானே செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"செய்யுங்க. ஆனா கருவியை மட்டும் காட்டினா போதாது. அதுல பதிவான ஒரு நிஜ பூகம்பத்தைக் காட்டுங்க. குழு வர்றப்போ அது மேஜை மேல இருந்தா, உங்களுக்காக நான் பேசறேன்."

இல்லாவிட்டால் பேசமாட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

விடுதிக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு அறையைக் கொடுத்தார். சற்றே சாய்ந்துபோன நிலைச்சட்டத்தில் மாட்டிய கதவு தானாக வந்து ஒரே இடத்தில் நிற்கும் அல்லவா, என் கருவியும் அந்த ஜாதிதான். சாய்வாக நட்ட கம்பத்தில் ஒரு இரும்புக் கை, அதன் நுனியில் கனமான குண்டு. தரை ஆடினால் கம்பமும் ஆடும். குண்டு சோம்பேறி, நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வித்தியாசத்தை ஓர் ஊசி, மண்ணெண்ணெய் விளக்கில் புகைபிடித்துக் கறுப்பாக்கிய காகிதத்தில் வெள்ளைக் கோடாகக் கீறும். காகிதம் சுற்றிய உருளையைப் பழைய சுவர்க்கடிகாரத்தின் பல்சக்கரங்கள் திருப்பும். குண்டை, கைலாசபுரத்தில் குடியிருந்த நண்பர் ஒருவர் ஒரு லேத் பட்டறையில் கூடவே நின்று கடைந்து வாங்கித் தந்தார். தீபாவளிக்குள் கருவி தயார். என் சட்டைகள் அத்தனையும் கரி.

வகுப்பில் இந்தப் பாடத்தை நான் நன்றாகவே நடத்துவேன். பூமிக்குள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. மனிதன் போட்ட ஆழமான துளைகூட மாம்பழத் தோலில் நகம் பட்ட அளவுதான். உள்ளே இருப்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பூகம்பங்கள் சொல்லித் தெரிந்தது. எங்கோ பாறை முறியும்போது இரண்டு வகை அலைகள் உள்ளே புறப்படுகின்றன. தரிசன வரிசையில் பின்னால் ஒருவர் தள்ளினால் அந்தத் தள்ளல் முன்வரிசை வரை போகுமே, முதல் அலை அப்படி நெருக்கிக்கொண்டே வேகமாக வரும். இரண்டாவது, கயிற்றை உதறினால் ஓடும் நெளிவுபோல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு பின்தங்கி வரும். இந்த இரண்டாவதுக்குத் திரவம் ஆகாது, அதற்குள் நுழையாது. அது பூமியின் மறுபக்கத்துக்கு வந்து சேரவில்லை என்பதை வைத்துத்தான் நடுவில் உருகிய கருவம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கருவத்தில் நுழையும் முதல் அலையும் ஒடிந்து திசை திரும்பிவிடுவதால், உலகத்தின் மேல் ஒரு பட்டை முழுவதும் இரண்டு அலைகளும் நேராக வராத நிழலாகிவிடுகிறது. அந்த நிழலுக்குள்ளும் மெலிதாகச் சில அதிர்வுகள் வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு போய், உருகியதற்கும் உள்ளே கெட்டியான ஒன்று இருக்கிறது என்றார்கள். மேலோடு, கவசம், வெளிக்கருவம், உட்கருவம். வருடா வருடம் ஸ்ரீரங்கத்து மாணவன் எவனாவது "ஏழு பிராகாரம் மாதிரி" என்று பரீட்சையில் எழுதுவான். நாலுதான் என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

ஆனால் என் ஊசி காட்டியதெல்லாம் சரக்கு ரயிலும் டவுன் பஸ்ஸும்தான். பத்தேகால் மணி அடித்ததும் மாணவர்கள் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவதை அது அருமையாகப் பதிவு செய்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பூமி ஆடியதாக ஒருநாள் பேப்பரில் வந்தது. நிரந்தர இடத்துக்குக் குறிவைத்திருந்தவர்களில் ஒருவர் கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

"என்ன சார், உங்க ஊசி தூங்குதா?"

"அந்த இடத்துக்கு நம்ம ஊரு நிழல்ல இருக்கு சார்" என்றேன்.

பாதிதான் உண்மை. பூமியின் மேற்பரப்போடு சுற்றி வரும் அலைகளுக்கு நிழல் கிடையாது. அவற்றை உணரும் அளவுக்கு என் கருவிக்குச் சூட்டிகை போதவில்லை. ஓரளவு பக்கத்தில், அதுவும் மிகப் பெரிதாக ஒன்று வந்தால்தான் அது அசையும். இது எனக்கு நவம்பரிலேயே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. மற்றவர்கள் பேப்பரில் கிரிக்கெட்டைத் தேடினார்கள். நான் பூகம்பத்தைத் தேடினேன். இல்லை என்றால் அன்றைய நாள் பாழ். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது, இப்படியே இறங்கி எங்காவது போய்விடலாமா என்று தோன்றும். வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சங்கடம் என்றால் அவளுக்குக் கால் தானாகக் கோவிலுக்குத் திரும்பும். நாற்பத்தெட்டு நாள் தாயார் சன்னதியைப் பிரதட்சிணம் பண்ணுவதாகவும், காரியம் ஆனால் அக்காரவடிசல் பண்ணுவதாகவும் வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள்.

"ஏன்னா, தாயார்கிட்ட என்னன்னு கேக்கறது? வேலை கிடைக்கணும்னா?"

"ஊசி ஆடணும்னு கேளு. அது ஆடினா வேலை தானா வரும்."

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு யோசித்தாள்.

"ஊசி ஆடணும்னா பூமி ஆடணுமே. யாருக்கும் ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. தினமும் எங்கேயாவது துளி ஆடிண்டுதான் இருக்கு. மனுஷாளுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

அது உண்மை. ஆனால் அந்தத் துளிக்கெல்லாம் என் ஊசி அசையாது என்பதும் உண்மை. இரண்டாவதை விழுங்கிவிட்டேன்.

குழு வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. மதியம், வகுப்பு முடிந்து கிடங்கில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊசி நடுங்கியது. சரக்கு ரயில் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் ரயில் இல்லை. சாதக் கையோடு எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. மூன்று நிமிடம் தாண்டிச் சில விநாடிகளில் ஊசி பெரிதாக வீசி ஆடியது. இரண்டாவது அலை. பாடத்தில் சொன்னபடியே வந்துவிட்டது. அதன் பிறகு நீளநீளமாக, காகிதத்தின் ஓரம் வரை போய்ப்போய் வந்தது. நான் அழுதேன். சத்தம் போட்டுச் சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

அரக்குக் கரைசலில் காகிதத்தை நனைத்துக் கரியை நிலைப்படுத்தி, ஃபாதரிடம் ஓடினேன்.

"எங்கே?" என்றார்.

இரண்டு அலைகளுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து தூரம் தெரியும். ஒரே கருவி இருந்தால் திசை தெரியாது. நூலகத்து வரைபடத்தில் காம்பஸை வைத்து, திருச்சியைச் சுற்றி ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டரில் ஒரு வட்டம் போட்டேன். இந்த வட்டத்தின் மேல் எங்கேயோ என்று காட்டினேன். வட்டம் தெற்கே இந்தியப் பெருங்கடலில் போயிற்று, மேற்கே அரபிக்கடலில் போயிற்று. வடக்கே இமயமலை அடிவாரத்தையும் தொட்டது. ஃபாதர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"கடலாத்தான் இருக்கும் ஃபாதர். பாருங்க, முக்கால்வாசி தண்ணிதான்."

அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வீடு வந்தேன். மனைவியிடமும் அதையே சொன்னேன். நடுக்கடலில் ஆடியிருக்கிறது, மீனுக்குக்கூடத் தெரியாது என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்தோரு நாள்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் தாயார் கொடுத்துவிட்டாள் என்றாள். மீதி ஏழு நாளையும் விடாமல் முடிப்பேன், ஆனால் அக்காரவடிசல் நாளைக்கே என்றாள்.

மறுநாள் காலை உருளியில் அரிசியும் பாலும் குழைந்துகொண்டிருந்தன. வெல்லம் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் செய்தி வந்தது. வடக்கே மலையடிவாரத்தில் ஊர் ஊராக இடிந்து விழுந்திருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் வீட்டுக்குள் இருந்தவர்கள் அப்படியே உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்றார்கள். இறந்தவர்களை இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் போய் ரேடியோவை அணைத்தேன்.

அவள் உருளியிலிருந்து கரண்டியை எடுக்கவில்லை. அடி பிடித்துவிடும், எடுக்க முடியாது. கிளறிக்கொண்டே கேட்டாள்.

"கடல்னேளே."

"வட்டத்துல கடலும் இருந்தது."

"ஊசி ஆடறதுக்கு இவ்வளவு பெரிசா வரணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "தெரியும்" என்றேன். அதோடு நிறுத்தாமல் வாத்தியார் புத்தி வந்துவிட்டது. யாரும் வேண்டிக்கொண்டதால் அது வரவில்லை, அங்கே பாறைகள் பல வருடமாக நெருக்கிக்கொண்டு கிடந்தன, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நேற்று முறிந்திருக்கும் என்று விளக்கினேன்.

"அது எனக்கும் தெரியும்னா. நீங்க என்னைக் கேக்கச் சொன்னேளே, அதைத்தான் சொல்றேன்."

நெய்யை ஊற்றினாள், இறக்கினாள், பெருமாள் முன் வைத்துக் கண்டருளப் பண்ணினாள். பிரார்த்தனை பிரார்த்தனைதான், அதை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர்வீட்டு மாமி "என்னடி விசேஷம்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "வேண்டிண்டது நடந்துடுத்து மாமி" என்று இவள் சொன்னதும் விழுந்தது. எனக்கும் இலையில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பசி. மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாதவனுக்கு அன்றுதான் பசித்தது. அவள் தொடவில்லை.

குழு வந்தது, காகிதத்தைப் பார்த்தது, என் முதுகில் தட்டியது. ஜூனில் நிரந்தர உத்தரவு வந்தது. அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு வகுப்பறையில் மாட்டினார்கள். முதல் அலை இங்கே, இரண்டாவது அலை இங்கே என்று குச்சியால் காட்டி வருடா வருடம் பாடம் நடத்தினேன். அவள் ஒருநாளும் கல்லூரிக்கு வந்து அதைப் பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் மூன்று முறை கருவுற்றாள். இரண்டு தங்கவில்லை. மூன்றாவது முறை ஐந்தாம் மாதத்தில் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்றார். எனக்கு உலகமே இருண்டுவிட்டது. அவள் கட்டிலருகே உட்கார்ந்து, தாயாரிடம் ஒரே ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளேன், படுத்துக்கொண்டே வேண்டிக்கொண்டால்கூடப் போதுமே என்று கெஞ்சினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"வேண்டாம்னா. கேட்டா எங்கேருந்து எடுத்துத் தருவாளோ, யாருக்குத் தெரியும்?"

நானே போனேன். கூட்டமில்லாத நேரம். சன்னதியில் கை கூப்பிக்கொண்டு நின்றேன். அர்ச்சகர் தீர்த்தம் கொடுத்தார், தலையில் சடாரி சாதித்தார், இன்னும் என்ன என்பதுபோல் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் அதுவும் போயிற்று.