துட்டி கேட்க வராதவனோடு ஊர் சுற்றியது

மக்களே, ஆட்டோ மாமாவும் கொத்தனார் மாமாவும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து நான் மட்டும் திருவனந்தபுரம் போய் வந்தேன் அல்லவா, அன்றைக்கு நடந்ததை எழுதிவைக்கிறேன். வாயால் சொன்னால் எனக்கு முன்னும் பின்னுமாகிவிடும்.

நாங்கள் மூன்று பேரும் கரமனையில் ஒரே லைன் வீட்டில் வளர்ந்தவர்கள். ஆட்டோக்காரனின் அப்பா இறந்த அன்று கொத்தனார் வரவில்லை. இறந்தவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். அதற்கும் அவன் போகவில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டது. எதிரே வந்தால் ஒருவன் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வான், மற்றவன் சாலையைக் கடந்துவிடுவான். இப்படியே விட்டால் உங்கள் கல்யாணத்திலும் இவர்கள் இரண்டு பந்தியில்தான் உட்காருவார்கள் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஆட்டோக்காரனிடம், "ஒரு நாள் பழைய எடமெல்லாம் சுத்திப் பாக்கணும், வண்டிய எடு" என்றேன். கொத்தனாரிடம், "காலையில கரமனப் பாலத்துப் பக்கம் நில்லு" என்றேன். ஒருவன் வருவது மற்றவனுக்குத் தெரியாது.

பாலத்தருகே வண்டி நின்றதும் இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். கொத்தனார் திரும்பி நடக்கப் பார்த்தான். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன்.

"ஒன்கூட வந்த ஆள்கிட்ட கால உள்ள வைக்கச் சொல்லு" என்றான் ஆட்டோக்காரன், கண்ணாடியைப் பார்த்து.

"எனக்குத் தெரியும்னு சொல்லு" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

இரண்டையும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

வலியசாலையில் இறங்கினோம். சின்ன வயதில் யாரும் கூப்பிடாத ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து மூன்று பேரும் பாயசம் குடித்திருக்கிறோம். அந்த வீடு எது என்று தேடுவதுபோல அக்ரகாரத் தெருவில் நடந்தேன். எனக்கு வீடா முக்கியம்? இவர்கள் ஒரு தடவை சிரித்தால் போதும்.

"இதுதானேடே?"

"இதில்ல, அந்த கிரில் போட்டது" என்றான் ஆட்டோக்காரன்.

"கிரில் போட்டதுமில்ல, கார் நிக்குதே, அது" என்றான் கொத்தனார் சுவரைப் பார்த்து.

ஒரு ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள், "யாரைத் தேடறேள்?" என்று கேட்டார். பாயசத்தை என்றா சொல்ல முடியும்? "சும்மா பாத்தோம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

கிழக்கேகோட்டையில் டீக்கடையின் ஒரு மூலையில் ஒருவன், மறு மூலையில் ஒருவன். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசியதில் என் டீ ஆறிப்போனது. "எதுக்குடே இப்பிடிக் கெடந்து ஓடுத?" என்று இரண்டு பேருமே தனித்தனியாகக் கேட்டார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. "விழிஞ்ஞம் போவோம், தூண்டில் போட்ட பாறையப் பாப்போம்" என்று கிளப்பினேன்.

பாறைப் பக்கம் போக முடியவில்லை. துறைமுக வேலைக்கு அடைத்திருந்தார்கள். மீன் இறக்கும் பக்கம் போய் நின்றோம். தூரத்தில் தெரிந்த பெரிய கிரேன்களைப் பார்த்துக் கொத்தனார் என்னிடம், "இதுக்கெல்லாம் அடியில எத்தன வார்ப்பு போட்டிருப்பாவ தெரியுமா" என்று ஆரம்பித்தான்.

"வார்ப்பு!" ஆட்டோக்காரன் சட்டென்று திரும்பினான். "எங்கப்பா செத்துக் கெடக்காரு, இவனுக்கு வார்ப்பு!"

என் வழியாக வராமல் நேராக வந்த முதல் பேச்சு அதுதான்.

வார்ப்பு என்றால் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவது. தொடங்கினால் முடிகிற வரைக்கும் இறங்கக் கூடாது. பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் பிறகு ஒழுகும்.

"உங்கப்பாவும் வார்ப்புக்காரருதானேடே" என்றான் கொத்தனார். "நான் பாதியில எறங்கி வந்திருந்தா அவரே எந்திரிச்சு ஏசியிருப்பாரு."

"செரி, அன்னைக்கு வார்ப்பு. மறுநா?"

"மறுநா செவ்வா. செவ்வாயில துட்டிக்கு வருவாவளா? பொறவு கொல்லத்துல வேல. திரும்பி வந்தா வெள்ளி. இப்பிடியே பதினாறாம் நாள் காரியமும் கழிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு வருவேன்?"

"கெழம பாத்தியாக்கும்? எங்கம்மா தெனமும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தா, கேட்டியா."

எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பக் கேளேன்டே, முன்னாலதானே நிக்கான்" என்றேன் கொத்தனாரிடம்.

அவன் என் மேல் பாய்ந்தான். "ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? ஊர் சுத்த வந்த எடத்துல, மீன் நாத்தத்துல நின்னு துட்டி கேப்பாவளா? அதுக்குன்னே வீட்டுல இருந்து எறங்கிப் போணும்."

ஆட்டோக்காரன் வண்டியைக் கிளப்பினான். கெடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கரமனை வந்ததும் கொத்தனார், "எங்க வீட்டு முக்குல எறக்கிவிடு" என்றான். இறங்கினான், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஆட்டோக்காரன் வீட்டில் அவன் அம்மா உங்களையெல்லாம் விசாரித்தார். என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. எழுந்து தெருவைப் பார்ப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன்.

"ஒரு எடத்துல இருடே" என்றான் ஆட்டோக்காரன். ஆனால் அவனும் காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. துடைத்த வண்டிக் கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் கொத்தனார் வந்தான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, செருப்பில்லாமல், தன் வீட்டிலிருந்து நடந்தே வந்தான். வாசலில் நின்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். ஆட்டோக்காரன் துணியைக் கீழே போட்டு, கையைச் சட்டையில் துடைத்து, அந்தக் கைமேல் வைத்தான். எங்கள் பக்கம் ஆண்கள் துட்டி கேட்பது இப்படித்தான். பேச்சு கிடையாது.

"ஒரு வருஷமாச்சாடே ஒனக்கு வர?" என்று அம்மா அழுதார். அவன் தலையைக் குனிந்து நின்றான். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே திரும்பி நடந்தான்.

கடமை தீர்ந்தது என்று போகிறானா? நாளைக்கும் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார்களா? ஆட்டோக்காரன் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவன் போய் வண்டியைக் கிளப்பினான். நான் ஓடிப்போய் ஏறினேன்.

முக்கு திரும்புமுன் கொத்தனார் பக்கத்தில் வண்டி மெதுவானது.

"ஏறு."

"பக்கந்தானே, நடந்துக்கிடுதேன்."

"இவனுக்கு நாகர்கோவில் பஸ்ஸு போயிரும். விட்டுட்டு வருவோம், ஏறுடே."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு ஏறினான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எந்த வழியில் நெரிசல் குறைவு என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.